லைசென்ஸ் உள்ள கிரிப்டோ எக்ஸ்சேஞ்சா? கணக்குத் திறக்கும் முன்பும் பின்பும் செய்ய வேண்டிய வேலைகள்

பிட்காயின் போன்ற கிரிப்டோ காயின்களை வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்ச் ஒன்றின் முகப்பில் "உரிமம் பெற்ற நிறுவனம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த நிறுவனத்துக்கு, எந்த நாட்டில், எந்த வேலைக்கு? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் ஒரு ரூபாயோ ஒரு டாலரோ போட வேண்டாம். லைசென்ஸ் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சின் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள், ஆனால் அதில் ஒரு முக்கியமான பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. 2022 நவம்பர் 11 அன்று அந்தக் குழுமம் திவால் மனு போட்டது, உலகம் முழுக்க வாடிக்கையாளர்களின் கணக்குகள் முடங்கின. ஆனால் அதே குழுமத்தின் ஜப்பான் நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தவர்கள் 2023 பிப்ரவரியிலேயே தங்கள் காயின்களையும் பணத்தையும் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்களுக்குப் பட்டுவாடா ஆரம்பித்ததே 2025-ல்தான். அதுவும் மனு போட்ட நாளின் விலைக்கு, அதாவது பிட்காயின் ஒன்றுக்கு சுமார் 16,871 டாலர் என்று கணக்குப் போட்டு. இடையில் பிட்காயின் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. ஒரே பெயர், ஒரே லோகோ, ஆனால் ஜப்பான் சட்டம் வாடிக்கையாளர் சொத்தை நிறுவனத்தின் சொத்திலிருந்து பிரித்து வைத்தே ஆக வேண்டும் என்று சொன்னது, அது நடைமுறையிலும் இருந்தது. நீங்கள் தேட வேண்டியது இந்த மாதிரிப் பாதுகாப்பைத்தான்.

உரிமத்தைச் சரிபார்ப்பது எப்படி

முதலில் எக்ஸ்சேஞ்சின் விதிமுறைப் பக்கத்தைத் திறங்கள். யாரும் படிக்காத அந்த நீளமான பக்கம்தான். அதன் தொடக்கத்திலோ கடைசியிலோ, உங்களோடு ஒப்பந்தம் போடும் நிறுவனத்தின் முழுச் சட்டப் பெயர் இருக்கும். பிராண்டு பெயர் வேறு, இந்தப் பெயர் வேறு. பெரிய எக்ஸ்சேஞ்சுகளுக்குப் பல நாடுகளில் பல நிறுவனங்கள் உண்டு, நீங்கள் வசிக்கும் நாட்டைப் பொறுத்து உங்களை எந்த நிறுவனத்தின் வாடிக்கையாளராகச் சேர்க்கிறார்கள் என்பது மாறும். விளம்பரத்தில் ஐரோப்பிய லைசென்ஸைக் காட்டிவிட்டு, உங்கள் கணக்கை ஏதோ ஒரு தீவில் பதிவான நிறுவனத்தின் கீழ் திறப்பது சாதாரணமாக நடக்கிறது.

அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு ஒழுங்குமுறை அமைப்பின் தளத்துக்குப் போங்கள். எக்ஸ்சேஞ்ச் கொடுத்த லிங்க்கை அழுத்திப் போகாதீர்கள், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஹாங்காங் என்றால் எஸ்எஃப்சி, துபாய் என்றால் வாரா, சிங்கப்பூருக்கு எம்ஏஎஸ், பிரிட்டனுக்கு எஃப்சிஏ, ஜப்பானுக்கு எஃப்எஸ்ஏ, நியூயார்க் மாநிலத்துக்கு அதன் நிதிச் சேவைகள் துறை. ஐரோப்பிய ஒன்றியத்தில், மைக்கா என்ற கிரிப்டோ சட்டத்தின் கீழ் அனுமதி பெற்றவர்களின் பட்டியலை, அங்குள்ள பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்மா வெளியிடுகிறது. கிரிப்டோ சேவை நிறுவனங்களுக்கான அந்தச் சட்டப் பிரிவுகள் 2024 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பட்டியலில் பெயர் கிடைத்ததும் மூடிவிடாதீர்கள். உரிமம் இப்போதும் செல்லுமா, எந்தெந்தச் சேவைக்கு, அதில் பதிவாகியிருக்கும் இணையதள முகவரியும் நீங்கள் திறந்து வைத்திருக்கும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்பதையெல்லாம் பாருங்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரையும் உரிம எண்ணையும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொண்டு, முகவரியில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி வைத்திருக்கும் போலித் தளங்கள் நிறைய.

அப்புறம், பதிவு என்பதும் உரிமம் என்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் நிதிக் குற்றங்களைக் கண்காணிக்கும் ஃபின்சென் அமைப்பிடம் பணச் சேவை நிறுவனமாகப் பதிவு செய்வது படிவம் நிரப்பும் வேலை; அந்தப் பதிவு ஒரு நிறுவனத்துக்குத் தரும் நற்சான்று ஆகாது என்று ஃபின்சென்னே சொல்கிறது. ஆனால் மோசடித் தளங்கள் அந்தப் பதிவுச் சான்றைத்தான் ஃபிரேம் போட்டு மாட்டிய பட்டம் மாதிரி காட்டும். பல நாடுகளில் எக்ஸ்சேஞ்சுகள் செய்திருப்பது கறுப்புப் பணத் தடுப்புச் சட்டத்தின் கீழான பதிவு மட்டுமே. அதனால் அவர்கள் உங்கள் அடையாள ஆவணங்களைக் கேட்பார்கள், சந்தேகமான பரிவர்த்தனையைப் புகார் செய்வார்கள். உங்கள் காயின் எங்கே இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம்.

"விண்ணப்பித்திருக்கிறோம்" என்பதையும் உரிமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018 ஜனவரியில் ஜப்பானின் காயின்செக் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஐம்பது கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள நெம் காயின்கள் திருடு போனபோது, அதன் விண்ணப்பம் பரிசீலனையில்தான் இருந்தது. பதிவு கிடைக்கும் வரை இடைக்கால அனுமதியில் ஓடிக்கொண்டிருந்தது. காயின்கள் அத்தனையும் இணையத்தோடு இணைந்த ஹாட் வாலெட்டில் கிடந்தன (வாலெட் என்பது காயின்களுக்கான ரகசியச் சாவியை வைக்கும் இடம்). ஹாங்காங்கில் ஜேபெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் இன்னும் மோசம். ரயில் நிலையங்களில் விளம்பரம், சமூக ஊடகப் பிரபலங்களின் சிபாரிசு, வெளிநாடுகளில் லைசென்ஸ் இருப்பதாகப் பேச்சு. 2023 செப்டம்பரில் எஸ்எஃப்சி, இந்தத் தளத்துக்கு இங்கே உரிமமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை என்று எச்சரித்ததும், ஒரு முறை எடுக்கக்கூடிய 1,000 யுஎஸ்டிடி-க்கு (டாலரோடு மதிப்பு கட்டிய காயின்) 999 யுஎஸ்டிடி கட்டணம் என்று மாற்றிவிட்டார்கள். ஆயிரம் எடுத்தால் கையில் ஒன்று. எடுக்க முடியாது என்று அவர்கள் சொல்லவே இல்லை, பாருங்கள்.

காயின் யாருடையது?

இனி வருவது இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி, அதனால் மெதுவாகப் படியுங்கள். எக்ஸ்சேஞ்சின் ஆப்பில் "உங்கள் இருப்பு 0.5 பிட்காயின்" என்று தெரிவதற்கு இரண்டு அர்த்தம் இருக்க முடியும். உங்களுக்காக அரை பிட்காயினைத் தனியாகப் பாதுகாத்து வைத்திருக்கிறோம் என்பது ஒன்று. அரை பிட்காயின் உங்களுக்குத் தர வேண்டிய கடன் எங்களுக்கு இருக்கிறது என்பது இன்னொன்று. வங்கி லாக்கரில் வைத்த நகைக்கும் வங்கியில் போட்ட டெபாசிட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. நிறுவனம் நன்றாக ஓடும்வரை இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

செல்சியஸ் என்ற கடன் வழங்கும் நிறுவனம் 2022 ஜூலையில் திவாலானது. அதில் வட்டி தரும் ஏர்ன் கணக்குகளில் சுமார் 420 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் இருந்தன. 2023 ஜனவரியில் நீதிமன்றம் என்ன சொன்னது என்றால், வாடிக்கையாளர்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைப்படி அந்தக் காயின்களின் உரிமை செல்சியஸுக்கே மாறிவிட்டது, ஆகவே அவை நிறுவனத்தின் சொத்து. "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பெட்டியில் டிக் அடித்தபோதே உரிமை கைமாறிவிட்டது. அதனால் விதிமுறைப் பக்கத்தில் உரிமை, டைட்டில், கடன் கொடுத்தல், அடகு, மறு அடகு போன்ற சொற்களைத் தேடிப் படியுங்கள். "காயின்களின் உரிமை எப்போதும் வாடிக்கையாளருக்கே, நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு அதில் உரிமை கிடையாது" என்று நேராக எழுதியிருக்க வேண்டும். வளைத்து வளைத்து எழுதியிருந்தால் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் கேளுங்கள், சாட்டில் வேண்டாம். பதில் எழுத்தில் உங்களிடம் இருக்க வேண்டும்.

நல்ல உரிமச் சட்டம் இதை நிறுவனத்தின் நல்ல மனதுக்கு விட்டுவிடாது. ஐரோப்பாவின் மைக்கா, வாடிக்கையாளர் காயினைத் தனியாக வைக்கச் சொல்கிறது. ஹாங்காங்கில் வாடிக்கையாளர் சொத்தில் 98 சதவீதம் இணையத் தொடர்பில்லாத கோல்டு வாலெட்டில் இருக்க வேண்டும். காயின்செக் திருட்டுக்குப் பிறகு ஜப்பான் சட்டத்தைத் திருத்தி, 95 சதவீதத்தைக் கோல்டு வாலெட்டில் வைக்கவும், ஹாட் வாலெட்டில் இருக்கும் மிச்சத்துக்குச் சமமான சொந்தக் காயினை நிறுவனமே ஈடாக வைத்திருக்கவும் சொன்னது. உங்கள் எக்ஸ்சேஞ்சின் உரிமத்தில் இப்படி ஏதாவது விதி உண்டா என்று தேடுங்கள்.

கோல்டு வாலெட் என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற காயின் திருடு போனது கோல்டு வாலெட்டிலிருந்துதான். பரிவர்த்தனைக்கு ஒப்புதலாக டிஜிட்டல் கையெழுத்துப் போட்டவர்கள் பார்த்த திரை ஒன்று, உண்மையில் கையெழுத்தான பரிவர்த்தனை வேறொன்று. காப்பீடு இருக்கிறதா, எதற்கு, எவ்வளவு, திருட்டு நடந்தால் நஷ்டம் யார் தலையில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சாவி எத்தனை பேரிடம் பிரிந்திருக்கிறது என்பதும் முக்கியம்: கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்சின் நிறுவனர் 2018 டிசம்பரில் இறந்ததும் வாலெட்டுகளைத் திறக்க வேறு யாரும் இல்லை என்றார்கள், ஆனால் அங்கே பெரும் பணம் ஏற்கனவே மோசடியில் போயிருந்தது என்று 2020-ல் ஒன்டாரியோ பங்கு ஒழுங்குமுறை ஆணையம் கண்டறிந்தது.

இருப்புச் சான்று என்று ஒரு பக்கம் இப்போது பல எக்ஸ்சேஞ்சுகளில் இருக்கிறது. அதில் உங்கள் கணக்கின் ஹாஷ் (உங்கள் இருப்பிலிருந்து உருவாக்கிய குறியீடு) சேர்ந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள், ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட நாளில் எவ்வளவு காயின் இருந்தது என்பதைத்தான் காட்டும். அன்று கடன் வாங்கி வைத்திருந்தார்களா, வெளியே எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில் தெரியாது, அதற்கு முழுத் தணிக்கை அறிக்கை வேண்டும்.

இன்னொன்று: உரிமம் உள்ள எக்ஸ்சேஞ்சில் இருக்கும் எல்லாப் பொருளும் அந்த உரிமத்துக்குள் வராது. வாங்கி விற்பதற்கும் பாதுகாத்து வைப்பதற்கும் அனுமதி இருக்கும், அதே ஆப்பில் பக்கத்து பட்டனில் இருக்கும் கடன் திட்டத்துக்கோ வட்டித் திட்டத்துக்கோ இருக்காது. இதைப் பற்றி எஸ்மா 2025-ல் தனியாகவே எச்சரித்தது. ஸ்டேக்கிங் (பிளாக்செயினை நடத்த உதவக் காயினைப் பூட்டி வைத்து வெகுமதி பெறுவது), ஏர்ன், லெவரேஜ் (கடன் வாங்கி வியாபாரம் செய்வது) என்று எதைத் தொட்டாலும் அதற்கென்று தனி விதிமுறை வரும், அங்கே மறுபடியும் உரிமை யாருக்கு என்று பாருங்கள். வட்டி என்ற சொல் வந்தாலே உங்கள் காயின் வேறு யாரிடமோ போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம், ஸ்டேக்கிங் மட்டும் சில இடங்களில் விதிவிலக்கு.

கணக்குத் திறக்கும் நாள்

சரி, நிறுவனம் தேறிவிட்டது. கணக்குக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், வேறு எந்தத் தளத்திலும் அதைக் கொடுக்காதீர்கள். அடையாள ஆவணம், செல்ஃபி, முகவரிச் சான்று, சில சமயம் வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எல்லாம் வரும். எரிச்சலாக இருந்தாலும் உண்மையைக் கொடுங்கள். பெயர் வங்கிக் கணக்கில் இருப்பது போலவே இருக்கட்டும். இனிஷியல் முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தால் பணம் எடுக்கும் நாளில்தான் அது தலைவலியாக வரும். வேறொருவர் கணக்கிலிருந்து பணம் போடுவதும் வேண்டாம். ஆவணமே கேட்காத எக்ஸ்சேஞ்ச் என்றால், லைசென்ஸ் உண்டு என்று அவர்கள் சொல்வதை நம்பக் காரணமே இல்லை.

பாதுகாப்பு அமைப்புகளைப் பணம் போடும் முன்பே முடித்துவிடுங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கு எஸ்எம்எஸ் ஓடிபி வேண்டாம், ஆத்தென்டிகேட்டர் ஆப்போ பாஸ்கீயோ ஹார்டுவேர் கீயோ வையுங்கள். உங்கள் எண்ணை இன்னொரு சிம்முக்கு மாற்றிக்கொள்வது இந்தத் துறையில் கற்பனையான ஆபத்து இல்லை: எஃப்டிஎக்ஸ் திவால் வழக்கில் உரிமைகோரல்களைக் கையாண்ட க்ரோல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருடைய எண்ணையே 2023 ஆகஸ்டில் இப்படி மாற்றி, உரிமைகோரியவர்களின் விவரங்களை எடுத்துவிட்டார்கள். ஆத்தென்டிகேட்டரின் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள், போன் தொலைந்தால் அதுதான் உதவும்.

அடுத்து வித்ட்ரா முகவரிப் பட்டியல். நீங்கள் முன்கூட்டியே சேர்த்த வாலெட் முகவரிகளுக்கு மட்டுமே காயின் போகும், புதிய முகவரி சேர்த்தால் ஒரு நாளோ இரண்டு நாளோ காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இது. கணக்குக்குள் யாராவது நுழைந்தாலும் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். மின்னஞ்சலில் தெரிகிற மாதிரி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு குறிச்சொல்லை அமைக்கும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். அந்தச் சொல் இல்லாமல் வரும் "எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல்" போலி.

முதல் பணம்: உள்ளே போட்டு வெளியே எடுத்துப் பாருங்கள்

போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய சிறு தொகையைப் போடுங்கள். கொஞ்சம் காயின் வாங்குங்கள். பாதியை விற்றுப் பணமாக உங்கள் வங்கிக்கே எடுங்கள், மீதியைக் காயினாக உங்கள் சொந்த வாலெட்டுக்கு அனுப்புங்கள். இரண்டு வழியும் திறக்கிறதா, எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு கட்டணம் பிடிக்கிறார்கள் என்பது எந்த விளம்பரத்திலும் கிடைக்காத தகவல். சில தளங்களில் காயினை வெளியே எடுக்கவே முடியாது, விலை ஏறி இறங்குவதை மட்டும்தான் விற்கிறார்கள். அது தெரிந்தே வாங்கினால் சரி, தெரியாமல் வாங்கக் கூடாது.

காயின் அனுப்பும்போது நெட்வொர்க்கைக் கவனியுங்கள். யுஎஸ்டிடி ஒன்றுதான், ஆனால் அது எத்தீரியத்திலும் ட்ரானிலும் வேறு பல பிளாக்செயின் நெட்வொர்க்குகளிலும் ஓடுகிறது. எக்ஸ்சேஞ்சின் பட்டியலில் கட்டணம் குறைவான நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும், ஆனால் பெறுகிற வாலெட் அதை ஏற்காவிட்டால் காயினை மீட்பது கஷ்டம், சில நேரம் முடியாது. எக்ஸ்ஆர்பி போன்ற காயின்களை ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும்போது முகவரியோடு டேக் எண்ணும் வேண்டும், அது இல்லாமல் அனுப்பினால் யாருடைய கணக்கில் வரவு வைப்பது என்று அவர்களுக்கே தெரியாது. முகவரியை ஒட்டியபின் முதல் சில எழுத்துகளை மட்டும் பார்க்காமல் முழுவதையும் ஒப்பிடுங்கள். காப்பி செய்த முகவரியைக் கடைசி நொடியில் மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. பெரிய தொகை என்றால் முதலில் கொஞ்சம் அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.

உரிமம் உள்ள எக்ஸ்சேஞ்ச் இந்த இடத்தில் கூடுதல் கேள்வி கேட்கும்: யாருக்கு அனுப்புகிறீர்கள், இந்த வாலெட் உங்களுடையதா, அதை நிரூபிக்கச் சின்னத் தொகை அனுப்பிக் காட்டுங்கள் என்றெல்லாம். 2019-ல் கறுப்புப் பணத் தடுப்புக்கான சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப் கிரிப்டோவுக்கும் விரிவுபடுத்திய டிராவல் ரூல்தான் காரணம், அனுப்புகிறவர் பெறுகிறவர் விவரம் பரிவர்த்தனையோடு போக வேண்டும் என்பது அதன் சாரம். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்று பயந்துவிடாதீர்கள். ஆனால் பணம் எடுக்க "முன்கூட்டியே வரி கட்டுங்கள்", "கணக்கைத் திறக்க டெபாசிட் போடுங்கள்" என்று கேட்டால் அது நூறு சதவீதம் மோசடி.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாக: பெரிய "வாங்கு" பட்டன் வசதியானது, ஆனால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் அவர்கள் லாபம் பார்ப்பார்கள், கட்டணம் பூஜ்யம் என்று போட்டிருந்தாலும்கூட. அதே ஆப்பில் டிரேடிங் பகுதிக்குப் போய் லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு மட்டும் வாங்கு என்ற கட்டளை) போட்டால் பெரும்பாலும் மலிவு. ஒரே நிமிடத்தில் இரண்டிலும் விலையைப் பார்த்துவிடுங்கள், புரிந்துவிடும்.

கணக்கு ஓடத் தொடங்கிய பிறகு

அன்றாடம் வாங்கி விற்கும் அளவை எக்ஸ்சேஞ்சில் வையுங்கள், நெடுநாள் தொடப் போவதில்லை என்பதைச் சொந்த வாலெட்டுக்கு மாற்றலாமா என்று யோசியுங்கள். "மாற்றியே தீர வேண்டும்" என்று எல்லோருக்கும் நான் சொல்ல மாட்டேன். சீட் வார்த்தைகளை (வாலெட்டை மீட்க உதவும் ரகசிய வார்த்தைகள்) பத்திரமாக வைக்கத் தெரியாதவருக்கு நல்ல சட்டத்தின் கீழ் இருக்கும் எக்ஸ்சேஞ்சே பாதுகாப்பு. வாலெட்டுக்கு மாறினால் அந்த 12 அல்லது 24 வார்த்தைகளைப் போட்டோ எடுக்காதீர்கள், போனில் சேமிக்காதீர்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு அவை எங்கே இருக்கின்றன என்றாவது தெரிந்திருக்கட்டும்.

மாதம் ஒரு முறை பரிவர்த்தனைப் பட்டியலை டவுன்லோடு செய்து உங்கள் கணினியில் வையுங்கள். வரிக் கணக்குக்கு வேண்டும் என்பது ஒருபக்கம் இருக்கட்டும், எக்ஸ்சேஞ்ச் மூடிவிட்டால் உங்களுக்கு எவ்வளவு பாக்கி என்று காட்ட அதுதான் ஆதாரம். மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் 2014-ல் விழுந்தது, அதில் காயினை இழந்தவர்களுக்கு பிட்காயின் திரும்பி வரத் தொடங்கியது 2024 ஜூலையில். பத்து வருடம். அவ்வளவு நாள் கழித்தும் கையில் கணக்கு விவரம் இருக்க வேண்டும்.

ஒழுங்குமுறை அமைப்பின் பட்டியலையும் சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள், உரிமம் இடைநிறுத்தப்படலாம், சேவைகள் குறைக்கப்படலாம். விதிமுறை மாறுகிறது என்று மின்னஞ்சல் வந்தால் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் மாறுகிறதா என்று மட்டுமாவது பாருங்கள். உங்களை அமைதியாக வேறு நாட்டு நிறுவனத்துக்கு நகர்த்துவது இந்த மின்னஞ்சலில்தான் நடக்கும்.

எடுப்பது தாமதமாகத் தொடங்கினால், அல்லது "பராமரிப்புப் பணி" என்று நாட்கணக்கில் நிறுத்தி வைத்தால், காத்திருக்காமல் இருப்பைக் காட்டும் திரைப்பிடிப்பையும் பரிவர்த்தனைப் பட்டியலையும் அன்றே எடுத்துவையுங்கள். எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்குங்கள், பதில் வராவிட்டால் உரிமம் கொடுத்த அமைப்புக்கு அதே புகாரை அனுப்புங்கள். நிறுவனம் திவாலானால் உரிமைகோரலுக்குக் கடைசித் தேதி ஒன்று அறிவிப்பார்கள், நீதிமன்றம் நியமித்தவரின் தளத்தை நீங்களே தேடிப் போய் அதற்குள் பதிவு செய்யுங்கள். அந்த வாரமே உங்களைத் தேடி ஆட்கள் வருவார்கள், தொலைந்த காயினை மீட்டுத் தருகிறோம், கொஞ்சம் முன்பணம் போதும், வாலெட்டை இணைத்தால் போதும் என்பார்கள். உங்கள் பெயரும் இருந்த தொகையும்கூடச் சரியாகச் சொல்வார்கள், ஏனென்றால் க்ரோலில் நடந்தது போல அந்தப் பட்டியல் எங்கிருந்தாவது கசிந்திருக்கும். அவர்களுக்குப் பதிலே எழுதாதீர்கள்.